தொட்டிக்குச் சோறு

தொட்டியைக் கொல்லச் சொல்லி உத்தரவு வந்தபோது நுரைக்காரி அதன் நடைபாலத்தில் குந்தியிருந்தாள். எதிரே உயரமான கண்ணாடிக் குவளை. அதில் மொண்டு வைத்த கலங்கல் நீர் மெல்ல மெல்லத் தெளிந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் அரைமணி நேரம் இந்த வேலை. சேறு எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு கெட்டியாக அடியில் படிகிறது என்று பார்த்தால் தொட்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த அரைமணி நேரத்தில் யாரோடும் பேசுவதில்லை என்பது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. மேனேஜர் வந்து நின்றதும் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வேறு வழியில்லாமல் காத்திருந்தார்.

வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடுவார் இல்லை. பதினோரு வருஷமாகத் தொட்டியின் மேல் மிதக்கும் நுரையைப் பார்த்தே கீழே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவாள். வெள்ளையாகப் பொங்கினால் கழிவைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இளசு, தீனி அதிகம். பழைய பஞ்சு மாதிரி பழுப்பாக ஏடு கட்டினால் கிழடு தட்டிவிட்டது, பசி. எந்த ஆலையில் எந்தப் புது சோப்பு வாங்கியிருக்கிறார்கள் என்றுகூடச் சொல்வாள். வீட்டுக்குப் போகும்போது சேலை ஓரத்தில் எப்போதும் ஒரு கொத்து நுரை காய்ந்து ஒட்டியிருக்கும். பெயர் அப்படித்தான் வந்தது.

முப்பத்திரண்டு தோல் ஆலைகளின் கழிவுநீரும் ஒரே குழாயில் இந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. சுண்ணாம்பு, உப்பு, கரைந்த ரோமம், சுரண்டிய கொழுப்பு, ரத்தம், மரப்பட்டைச் சாறு, சாயம். தொட்டியின் அடியிலிருந்து ப்ளோயர் ஓயாமல் காற்றை ஊதியது. அதன் இரைச்சலில் பேசிப் பேசி, அங்கே வேலை பார்ப்பவர்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள்.

அரைமணி முடிந்தது. குவளையின் அடியில் சேறு பாதிக்கும் கீழே கெட்டியாக உட்கார்ந்திருந்தது. அவள் கோடு போட்டு எழுதிக்கொண்டாள்.

"நல்லா உக்காருது சார். இந்த வருஷத்துல இவ்வளவு நல்லா உக்காந்ததே இல்ல."

"அது கெடக்கட்டும். மேல நிக்குதே தண்ணி, அது என்ன நிறம்?"

"பழுப்பு."

"டீ மாதிரி இருக்கு. போன தடவை அந்த அதிகாரியம்மா இதைத்தான் எழுதிட்டுப் போனாங்க, நிறம் நீங்கலன்னு. நாளன்னைக்கு மறுபடி வர்றாங்க. இன்னொரு தடவை எழுதினாங்கன்னா முப்பத்திரண்டு கம்பெனிக்கும் பூட்டு."

"டீன்னு சொல்லி ஒரு டம்ளர் நீட்டிப் பாக்கலாமா சார்?"

மேனேஜர் சிரிக்கவில்லை. ஆலைகளின் சங்கத் தலைவராக இருக்கும் பெரிய முதலாளியிடம் பேசிவிட்டு வந்திருந்தார். நாளைக் காலை பன்னிரண்டு பீப்பாய் ப்ளீச்சிங் திரவம் வரும். ப்ளோயரை நிறுத்திவிட்டு அத்தனையையும் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஒரு நாள் ஊறினால் நிறம் போய்விடும்.

"கடைசியில இருக்கிற வெளித்தொட்டியில ஊத்துங்களேன்."

"அங்க தண்ணி எங்க நிக்குது? ஓடிக்கிட்டே இருக்கு. மருந்து பிடிக்கிறதுக்குள்ள வாய்க்காலுக்குப் போயிடுது. இங்கன்னா நின்னு ஊறும்."

"இங்கன்னா உள்ள இருக்கிறதெல்லாம் செத்துடும்."

"செத்தா வேற வாங்கிக்கலாம். பாக்கெட்லயே விக்குது."

நுரைக்காரி குவளையை மெதுவாகத் தொட்டிக்குள் கவிழ்த்தாள். உள்ளே இருந்தது சொட்டுகூடச் சிந்தாமல் திரும்பிப் போனது.

"பாக்கெட்ல வர்றது இந்தத் தண்ணியைப் பாத்ததே இல்ல சார். இதுங்க பதினோரு வருஷமா உப்புலயும் சுண்ணாம்புலயும் பொறந்து வளந்தது. புதுசு வந்து பழக நாப்பது நாள் ஆகும். அதுவரைக்கும் உள்ள வர்றது வந்தபடியே வெளிய போகும். போற வழி எங்க தெரு."

"உங்க தெருன்னு தனியா ஒரு தண்ணி ஓடுதா?"

"ஓடல சார். ஊறுது. கிணறு இருக்கு."

"நான் உன்கிட்ட யோசனை கேக்கலம்மா. காலையில எட்டு மணிக்கு ப்ளோயரை நிறுத்து." அவர் நடைபாலத்தில் நடந்து போனார். வழுக்கும் என்று பயந்து கம்பியைப் பிடித்தபடியே போனார்.

பரிசோதனை அறையில் ஒரு பழைய நுண்ணோக்கி இருந்தது. அதை இயக்கத் தெரிந்தவர் வேறு ஊருக்குப் போனபின் அவள்தான் அதைத் துடைத்து வைப்பாள். துடைக்கும்போது பார்க்கவும் ஆரம்பித்தாள். முதல்முறை பார்த்தபோது மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டாள். ஒரு சொட்டுக்குள் ஒரு சந்தைக் கூட்டம். மணி மாதிரி தலையும் நூல் மாதிரி காலுமாகச் சில, தண்டில் நின்று ஆடிக்கொண்டிருந்தன. சில செருப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போயின. புள்ளிகளாக, கொத்துக் கொத்தாக, எண்ண முடியாத மற்றவை. வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து, யாரும் சொல்லித் தராமலே, கீழே நடப்பது என்ன என்று அவளுக்கு ஒரு கதை மாதிரிப் பிடிபட்டது. கொழுப்பும் புரதமும் பெரிய பெரிய துண்டுகளாக வரும். அப்படியே விழுங்க இதுகளுக்கு வாய் கிடையாது. உடம்பிலிருந்து ஒரு சாற்றை வெளியே விட்டு, துண்டை வெளியிலேயே நறுக்கி, நறுக்கியதை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியதில் ஒரு பங்கு மூச்சாகப் போகும். ஒரு பங்கு புது உடம்பாக, சேறாக அடியில் படியும். பட்டைச் சாறும் சாயமும்தான் அதற்கும் மசியாது, கடைசிவரை மிதக்கும். இன்னொன்றும் உண்டு. அதைக் கண்டுபிடித்த நாளில் அவள் சாலையில் தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தாள். வெளியே போகும் தண்ணீரில் கரைந்திருப்பது முழுக்க உள்ளே வந்தது அல்ல. தின்றவை செத்து, உடைந்து, கரைந்து விட்டுப் போனதும் அதில் இருந்தது. வந்தது ஒன்று, போவது வேறொன்று.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது புருஷன் முன்னாலேயே வந்திருந்தார். பெரிய முதலாளியின் ஆலையில் சதை மெஷின் அவருடையது. ஊறிய தோலை உருளைகளுக்கு நடுவே விட்டு, ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுக்கும் வேலை. பத்தொன்பது வருஷம். சுண்ணாம்பு தின்ற விரல்களைச் சாப்பிடுவதற்கு முன் நாலுமுறை கழுவுவார். இன்று கழுவிவிட்டுச் சாப்பிட உட்காராமல் வாசற்படியிலேயே நின்றார்.

அவருடைய அக்கா அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். அவளும் அதே ஆலையில் இருபது வருஷம் தோலுக்கு ஓரம் வெட்டியவள். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரல் வளைந்துபோயிருந்தது. நாக்கு மட்டும் வளையவில்லை.

"பெரிய முதலாளி கூப்பிட்டு விட்டாரு" என்றார் மெஷின்காரர்.

"உன்னையா? ஏன், தோலை விட்டுட்டு உன் சதையைச் சீவிக்கிட்டியா?" என்றாள் அக்கா.

"என் விஷயமா இல்லக்கா. இவ விஷயமா."

"என்ன கேட்டாரு?" என்றாள் நுரைக்காரி.

"உன் வீட்டம்மாவுக்கு ஒரு தொட்டி பெருசா, ரெண்டு பேர் வேலை பெருசான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேட்டுச் சொல்றேன்னேன்."

அக்கா கரண்டியோடு திரும்பினாள். "பத்தொம்பது வருஷத்துல இவன் முதலாளிகிட்ட பேசின நீளமான பேச்சு இதுதான்டி."

நுரைக்காரிக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. கையை மறுபடி கழுவப் போனார்.

"சொன்னதைச் செஞ்சுட்டுப் போயேன்" என்றாள் நாத்தனார், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. "ஊரே மூக்கைப் பொத்திக்கிட்டு வாழுது. உன் மூக்குல மட்டும் என்ன வைரமா பதிச்சிருக்கு?"

"அலுத்துப்போச்சு அண்ணி. இந்தத் தடவை நாப்பது நாள் பொத்தணும். நிறம் போச்சுன்னு அதிகாரி எழுதிட்டா, ஒவ்வொரு சோதனைக்கும் இதையே ஊத்துவாங்க. அப்புறம் கையை எடுக்கவே முடியாது."

"ஆமா, நாத்தத்தைப் பத்திப் பேசிட்டே. அலமாரியில ரெண்டு பாட்டில் ஒளிச்சு வெச்சிருக்கியே, அதுல ஒண்ணை இன்னிக்குக் கஷாயம்னு நெனச்சுத் திறந்தேன். புஸ்ஸுன்னு ஒரு சத்தம். அடுப்பாங்கரையை விட்டு ஓடிட்டேன். வயித்துல இருந்ததெல்லாம் தொண்டைக்கு வந்துடுச்சு. புருஷனைக் கொல்ல வாங்கி வெச்சியா, என்னையா?"

நுரைக்காரி எழுந்துபோய் இரண்டு பாட்டில்களையும் எடுத்துவந்து புருஷன் முன்னால் வைத்தாள். ஒன்று மைபோலக் கறுத்திருந்தது. மற்றது பழுப்பு, ஆனால் பின்னால் இருந்த சுவரின் விரிசல் அதன் வழியாகத் தெரிந்தது.

"ரெண்டும் ஒரே நாள் எடுத்தது. இந்தக் கறுப்பு தொட்டிக்குள்ள வர்றதுக்கு முன்னாடி. அந்தப் பழுப்பு வெளிய போனப்புறம். மூடி வெச்சு அஞ்சு நாள் ஆச்சு. அதை மோந்து பாருங்க."

"எதுக்கு?"

"பாருங்க."

அவர் தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு பழுப்புப் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு தலையை நேராக்கி மறுபடி முகர்ந்தார்.

"மழை பெஞ்ச மண்ணு மாதிரி இருக்கு."

"கறுத்ததுல தீனி இருந்துச்சு. காத்து இல்லாம மூடினதும் அழுகிடுச்சு. இதுல தின்ன ஒண்ணுமில்ல, அதனால அழுக ஒண்ணுமில்ல."

"அப்ப இந்த நிறம்?"

"நீங்க கறி சாப்பிட்டா தட்டுல எலும்பு இருக்குதா இல்லையா? அந்த மாதிரி. பட்டைச் சாறு, சாயம், அப்புறம் கொஞ்சம் அதுங்க உடம்பு. நல்லதுன்னு சொல்லல. அதுக்கும் ஒரு வழி வேணும், கரி போட்டு வடிகட்டலாம், நாலு தடவை எழுதிக் குடுத்திருக்கேன். ஆனா தட்டுல எலும்பு கிடக்குதேன்னு சாப்பிட்டவனைக் கொன்னா எப்படி?"

அக்கா பொரித்த முட்டையைத் தட்டில் போட்டாள். "சாப்பிடற நேரத்துல பேசற பேச்சைப் பாரு."

மெஷின்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எனக்கு வேற வேலை தெரியாதும்மா" என்றார் கடைசியில். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

"எனக்கும்தான் தெரியாது" என்றாள் அவள்.



மறுநாள் புதன்கிழமை காலை வெயில் ஏறும்போதே லாரி வந்துவிட்டது. நீலப் பீப்பாய்கள் பன்னிரண்டையும் சுமைக்காரர்கள் இருவர் உருட்டிவந்து தொட்டியின் ஓரமாக வரிசையாக நிறுத்தினார்கள். மூடியின் இடுக்கில் கசிந்த நெடி கண்ணைக் கரித்தது. ஏழே முக்காலுக்கு மேனேஜர் வந்தபோது ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வேறொரு சத்தம் இல்லை. நுழைவாய்க் குழாயிலிருந்து கழிவுநீர் தொட்டிக்குள் விழும் சத்தம், பதினோரு வருஷமாக நிற்காதது, நின்றுபோயிருந்தது.

நுரைக்காரி நுழைவாய் வால்வின் மேடையில் உட்கார்ந்திருந்தாள். வால்வின் தலையில் இருக்கவேண்டிய இரும்புச் சக்கரம் அவள் மடியில் இருந்தது. மாவாட்டும் கல் அளவுக்குக் கனமான சக்கரம்.

"என்னம்மா இது?"

"வால்வை மூடிட்டேன் சார்."

"யார் மூடச் சொன்னா?"

அவள் சுவரில் மாட்டியிருந்த தகரப் பலகையைக் காட்டினாள். நிலையம் திறந்த நாளில் மாட்டியது. எழுத்து பாதி துருவேறியிருந்தாலும் முதல் வரி தெரிந்தது: தொட்டி கெட்டுப்போகும் நிலை வந்தால் உடனே நுழைவாயை அடைக்கவும்.

"தொட்டி இன்னும் கெடலையே?"

"எட்டு மணிக்குக் கெடப்போகுதே சார். நீங்கதானே சொன்னீங்க. ஊத்தறதுன்னா ஊத்துங்க, நான் தடுக்கல. ஆனா செத்த தொட்டிக்கு நான் சோறு போட மாட்டேன். நாப்பது நாள் இந்த வால்வு திறக்காது."

மேனேஜருக்குப் புரியக் கொஞ்சநேரம் பிடித்தது. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்க மறந்து அப்படியே கையில் வைத்துக்கொண்டார். வால்வு மூடியிருந்தால் முப்பத்திரண்டு ஆலைகளின் தண்ணீரும் போக்கிடம் இல்லாமல் திரும்பும். ஒவ்வொரு ஆலையின் குழியும் மூன்று நாலு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். முன்பெல்லாம் அவசரத்துக்குப் பழைய ஓடையில் திறந்துவிடுவார்கள். போன சோதனையில் அந்த ஓடையின் வாயை அதிகாரி அடைத்து முத்திரை வைத்துவிட்டுப் போயிருந்தார். நாளைக்கு முதல் வேலையாக அந்த முத்திரையைத்தான் பார்ப்பார்.

"சக்கரத்தைக் குடு."

"பீப்பாயெல்லாம் கேட்டுக்கு வெளிய போகட்டும், தர்றேன்."

"ஃபிட்டரைக் கூப்பிடு" என்று மேனேஜர் சுமைக்காரர்களைப் பார்த்துக் கத்தினார்.

ஃபிட்டர் தோளில் பையோடு வந்தார். குனிந்து வால்வின் தலையைப் பார்த்தார், சுற்றி வந்து இன்னொரு பக்கம் பார்த்தார், விரலால் அளந்தார். "இந்த அளவுக்கு நம்மகிட்ட சாவி இல்ல சார். அந்தச் சக்கரம் ஒண்ணுதான்" என்றார். அவருடைய பையின் வாயில் முழ நீளத்துக்கு ஒரு ஸ்பேனர் தலை நீட்டிக்கொண்டிருந்தது. சுமைக்காரர்களில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, வானத்தில் என்னவோ இருப்பது மாதிரி அண்ணாந்தார்.

பத்து மணிக்கு முதல் தொலைபேசி அழைப்பு வந்தது. கீழ்வரிசை ஆலை ஒன்றில் குழி நிரம்பிவிட்டது. பத்தரைக்கு நாலு ஆலைகள். பதினொன்றுக்கு மேனேஜரின் போன் அவர் காதை விட்டு இறங்கவே இல்லை. "இல்லிங்க... அந்தம்மாதாங்க... இல்லிங்க, ஊத்தலிங்க... ஊத்தினா நாப்பது நாளுங்கறாங்க..." என்று முன்னும் பின்னும் நடந்தார். இப்போது கம்பியைப் பிடிக்க மறந்திருந்தார்.

நுரைக்காரி சக்கரத்தை மடியிலிருந்து இறக்கவில்லை. தொடை மரத்துப்போனது. பயம் இருந்தது, இல்லாமல் என்ன. ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இத்தனை வருஷம் அவள் சொன்னதை யாரும் கேட்டதில்லை. இன்று முப்பத்திரண்டு ஆலைகள் தண்ணீரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தன. தொட்டியின் நுரை மெல்லிசாகிக்கொண்டே வந்தது. பசி எடுக்க ஆரம்பித்துவிட்டது. "கொஞ்சம் பொறுங்கடி" என்றாள் அவள், தொட்டியைப் பார்த்து.

பன்னிரண்டு மணி வாக்கில் கேட்டைத் தாண்டி மெஷின்காரர் வருவது தெரிந்தது. முழங்கால்வரை நனைந்த ரப்பர் பூட்ஸ். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே தண்ணீர் சளக் சளக்கென்றது. ஆலையில் சதை மெஷின் நிற்கும் தளம்தான் பள்ளமானது, முதலில் அங்கேதான் ஏறியிருக்கும். அவரைப் பார்த்ததும் மேனேஜர் முகம் தெளிந்தது.

"வாய்யா. நீயாவது எடுத்துச் சொல்லு."

மெஷின்காரர் மேடையேறி வந்து மனைவிக்கு எதிரே நின்றார். சற்று நேரம் மூச்சு வாங்கினார்.

"சக்கரத்தைக் கேட்டு வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றார்.

"யாரு?"

"பெரிய முதலாளி. நாற்காலி மேல ஏறி நின்னுக்கிட்டுச் சொன்னாரு."

"ம்."

"வாங்கிட்டு வரலைன்னா திரும்பி வராதேன்னாரு."

அவள் சக்கரத்தின் விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவர் கேட்டால் என்ன செய்வது என்று மட்டும் அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. மற்ற எல்லாருக்கும் பதில் இருந்தது.

மெஷின்காரர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தார், தண்ணீர் கொட்டியது. அடுத்ததையும் கழற்றினார்.

"கேட்டீங்களா?" என்றாள் அவள்.

"கேட்டேன்னு வெச்சுக்கோ."

"நான் என்ன சொன்னேன்?"

"மாட்டேன்னே." கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். "கால் மரத்துப்போயிருக்கும். இந்தப் பக்கம் குடு, நான் கொஞ்ச நேரம் வெச்சிருக்கேன்."

சக்கரம் அவர் மடிக்கு மாறியது. மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். உள்ளேயிருந்து ஒரு பக்கத்துப் பேச்சு மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. "ஆமாங்க, அவரும் உக்காந்துட்டாருங்க... சரிங்க... சரிங்க."

ஒன்றேகாலுக்குச் சுமைக்காரர்கள் பீப்பாய்களைத் திரும்ப உருட்டினார்கள். லாரியில் ஏற்றும்போது ஒருவர், "வரும்போது கனமா இருந்துச்சு, போகும்போது லேசா இருக்கே" என்றார். நுரைக்காரி எழுந்து நின்று பன்னிரண்டையும் எண்ணினாள். லாரி கேட்டைத் தாண்டித் திருப்பத்தில் மறையும்வரை அங்கேயே நின்றாள்.

மேனேஜர் ஒரு தாளோடு வந்தார். அவசரமாகத் தட்டச்சு செய்தது, இரண்டு இடத்தில் எழுத்து விட்டுப்போயிருந்தது. நாளைய சோதனை முடிந்த நேரத்திலிருந்து அவளை வேலையிலிருந்து நீக்குவதாக இருந்தது.

"நாளைக்கு நிறத்துக்கு நீதான் பதில் சொல்லணும்" என்றார். குரலில் கோபம் மிச்சமில்லை. "எங்களால முடியாது."

"நான்தான் சார் சொல்லுவேன். இதையும் சேர்த்துக் காட்டுவேன்." தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நாளைக்குச் சோதனை முடியறவரைக்கும் இந்தத் தொட்டி என்னோடதுதானே?"

மேனேஜர் தலையசைத்தாரா இல்லையா என்று சொல்ல முடியாதபடி அசைத்தார்.

அவளும் புருஷனுமாகச் சக்கரத்தைத் தூக்கி வால்வின் தலையில் பொருத்தினார்கள். அவர் பழக்கத்தில் முழுசாகச் சுற்றப் போனார். அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"அவ்வளவு வேண்டாம். ஆறு மணி நேரமா வெறும் வயிறு. மொத்தமா கொட்டினா தாங்காது. கால் சுத்து போதும்."

குழாயில் முதலில் ஒரு செருமல் கேட்டது. பிறகு சாம்பல் நிறத் தண்ணீர் கைத்தடி அளவுக்கு விழுந்தது. விழுந்த இடத்தில் வெள்ளையாக நுரை கிளம்பிப் பரவியது. அக்கம்பக்கத்து ஆலைகளில் எங்கேயோ யாரோ கத்தினார்கள், தண்ணீர் இறங்க ஆரம்பித்திருக்க வேண்டும். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு கால் சுற்று.

"அப்ப நான் கிளம்பவா? வீட்டுல அக்கா தனியா இருக்கு. வேலை போனதை நான்தான் சொல்லணும்" என்றார் மெஷின்காரர், வெறுங்காலோடு.

"சொல்லிக்கலாம். இதுங்க இப்பத்தான் சாப்பிடவே உக்காந்திருக்கு" என்றாள் நுரைக்காரி, தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இருங்க. சாப்பிட்டு முடிக்கட்டும்."